வெங்காயத்துக்குப் பக்கத்தில் எதை நடுவது? வேர்ப்பங்கசை நம்பி ஊடுபயிர் செய்பவர்களுக்கு

சின்ன வெங்காயம் ஒன்றை மண்ணோடு கிண்டி எடுத்து வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். இலையைப் பிடித்து இழுக்கக் கூடாது. மண்வெட்டியை ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கிக் கட்டியாகத் தூக்க வேண்டும். மண் கரைந்து போனதும் கையில் மிஞ்சுவது ஒரு பிடி வெள்ளைத் தும்பு. தடித்த, கிளை அதிகம் விடாத வேர்கள். வேர்மயிர் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றும் இல்லை. பக்கத்து வரம்பில் நிற்கும் புல்லை அதேபோல அலசினால் அதன் வேர் பஞ்சு மாதிரி விரியும். இந்த மொட்டை வேரை வைத்துக்கொண்டு வெங்காயம் எப்படிப் பிழைக்கிறது?

விடை அந்த வேருக்குள்ளேயே இருக்கிறது. வேரின் தோலுக்கடியில் ஒரு பங்கசு குடியிருக்கிறது. அதன் இழைகள் வேரிலிருந்து வெளியே வந்து மண்ணுக்குள் பல சென்ரிமீற்றர் தூரம் ஓடுகின்றன. ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கை விட மெல்லியவை என்பதால் வேர் நுழைய முடியாத இடுக்குகளுக்குள்ளும் அவை நுழைந்துவிடும். அங்கிருந்து பொசுபரசையும் நாகம் என்ற துத்தநாகத்தையும் கொஞ்சம் நைதரசனையும் சுமந்து வந்து வேரிடம் கொடுக்கும். கூலி உண்டு. செடி வெயிலில் நின்று ஆக்கிய காபனில் 4 முதல் 20 சதவீதம் வரை, சர்க்கரையாகவும் கொழுப்பாகவும், பங்கசுக்குப் போகிறது.

இதைத்தான் வேர்ப்பங்கசு என்கிறோம். தமிழ்நாட்டு நண்பர்கள் வேர்ப்பூஞ்சை என்றோ மைக்கோரைசா என்றோ சொல்வார்கள். பங்கசும் வேரும் சேர்ந்த இந்தக் குடித்தனத்துக்கு 1885இல் பெயர் வைத்தவர் ஜேர்மனியரான அல்பேட் பிராங்க். அவர் பார்த்தது மரவேர்களில் உள்ள வேறு வகை. நம் தோட்டப் பயிர்களில் இருப்பது அதைவிடப் பழையது. ஸ்கொட்லாந்தில் ரைனி என்ற இடத்தில் கிடைத்த, 40 கோடி ஆண்டுப் பழைமையான செடிப் புதைபடிவங்களிலேயே இதன் அடையாளம் உண்டு.

இந்தப் பங்கசு ஆள் பார்ப்பதில்லை. மிளகாயில் குடியிருக்கும் அதே இனம் பக்கத்தில் நிற்கும் பயறிலும் வெங்காயத்திலும் குடியேறும். அதனால் ஒரே இழைவலை இரண்டு மூன்று பயிர்களின் வேர்களைத் தொட்டுக்கொண்டு நிற்கலாம். ஊடுபயிர் செய்பவருக்கு ஆசை பிறப்பது இந்த இடத்தில்தான். அந்த ஆசையை முதலில் கொஞ்சம் அளந்துவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்குவோம்.

பகிர்வு என்றால் எது?

'பயறு நைதரசன் பிடிக்கும், பங்கசு அதைக் குழாய் வழியாக மிளகாய்க்கு அனுப்பும்' என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். கேட்க நன்றாக இருக்கும். உண்மை வேறு விதமாகச் சிக்கலானது.

ஒரு செடியின் வேரிலிருந்து இன்னொரு செடியின் வேருக்கு இழை வழியாக நேரே போகும் சத்து மிகச் சிறியது. அதை நிரூபிப்பதும் கடினம். காட்டு மரங்கள் பங்கசு வலையால் ஒன்றையொன்று ஊட்டுகின்றன என்ற பேச்சு 1997இல் கனடாவில் சுசான் சிமார்ட் குழுவினர் செய்த ஆய்வுக்குப் பிறகு பரவியது. 2023இல் அதே துறையைச் சேர்ந்த மூவர் சான்றுகளை மறுபடி எடுத்துப் பார்த்து, பொதுவில் சொல்லப்படும் அளவுக்குக் களத்தில் ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். தோட்டப் பயிரில் இருப்பது வேறு வகைப் பங்கசு என்றாலும் அதே நிதானம் இங்கேயும் வேண்டும்.

நடப்பது பெரும்பாலும் வேறு வழிகளில். பயறு, கௌபி போன்றவை தங்கள் நைதரசனின் பெரும்பகுதியை வேர்முடிச்சில் இருக்கும் பற்றீரியா மூலம் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அதனால் மண்ணில் உள்ள நைதரசனைப் பக்கத்துப் பயிருக்கு விட்டுவைக்கின்றன. கொடுக்கவில்லை; போட்டி போடாமல் இருக்கின்றன. அவ்வளவுதான், ஆனால் அதுவே பெரிய உதவி. பிறகு அவற்றின் வேரும் முடிச்சும் உதிர்ந்த இலையும் உக்கும்போது வெளிவரும் நைதரசனை இழைகள் போய்ப் பொறுக்கிக்கொண்டு வரும். இங்கே பங்கசு கொடையாளி இல்லை, பொறுக்கி எடுக்கும் கூலியாள்.

மூன்றாவது வழி யாழ்ப்பாணத்துக்கு நேரே பொருந்துவது. வலிகாமத்துச் செம்மண் சுண்ணக்கல்லின் மேல் கிடக்கிறது. காரத்தன்மை கொண்ட, கல்சியம் நிறைந்த மண். போடும் பொசுபரசில் ஒரு பெரும் பங்கைக் கல்சியம் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணில் இருப்பு இருக்கும், செடிக்கு வராது. வங்கியில் போட்டுத் திறப்பைத் தொலைத்த கதை. காற்றிலிருந்து நைதரசன் பிடிக்கும் அவரையினச் செடியின் வேர் தன்னைச் சுற்றிய மண்ணைச் சற்றே அமிலமாக்கும். அந்த அமிலத்தில் கல்சியம் பிடித்த பொசுபரசு கொஞ்சம் கரையும். கரைந்ததை யாரும் எடுக்கலாம். பொசுபரசு மண்ணில் தானாக நகராத சரக்கு. வேர் தன் அருகில் ஓரிரு மில்லிமீற்றருக்குள் இருப்பதை முடித்துவிட்டால் அடுத்த மில்லிமீற்றரில் இருப்பது தானாக வராது. எட்டிப் பிடிப்பது பங்கசு இழைதான். பயறு கரைக்க, இழை எடுக்க, வெங்காயம் பெற என்று ஒரு தொடர் இதில் உருவாகலாம். சீனாவில் சோளத்தோடு (தமிழ்நாட்டில் மக்காச்சோளம்) அகன்ற அவரையைக் கலந்து நட்ட வயல்களில், அவரை கரைத்த பொசுபரசால் சோளம் நன்மையடைந்ததை 2007இல் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று. கணக்கு எப்போதும் நியாயமாக இருக்காது. 2012இல் வெளிவந்த ஒரு சுவிற்சர்லாந்து ஆய்வில் இறுங்கையும் (தமிழ்நாட்டில் சோளம் என்பது இதைத்தான்) ஆளியையும் ஒரே பங்கசு வலையில் வளர்த்தார்கள். காபனில் பெரும் பங்கைக் கட்டியது இறுங்கு. வலை கொண்டுவந்த நைதரசன், பொசுபரசில் 94 சதவீதம் வரை பெற்றது ஆளி. ஆனால் இறுங்கின் வளர்ச்சி பெரிதாகக் குறையவில்லை. அதற்கு வெயிலும் காபனும் தாராளம். சீட்டுக்கட்டி ஏமாந்தவர் போல அது அழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பாடம், எந்தப் பயிரை எதற்குப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதே வரவு செலவைத் தீர்மானிக்கிறது.

படி 1: வீட்டுக்காரர் யார், வாடகைக்கே விடாதவர் யார்

நான் தொடங்கிய விதத்தைச் சொன்னால் இந்தப் படி ஏன் முதலில் வருகிறது என்று விளங்கும். முதல் முயற்சியில் ஒரு பங்கசுப் பக்கெற் வாங்கினேன். அதை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் ஆவணி வெயிலில் இரண்டு நாள் வைத்திருந்தேன். நடுகுழியில் கோழி எருவை அள்ளிப் போட்டேன். வெங்காயத்துக்கு இடையில் கோவாவும் பீற்றூட்டும் நட்டேன். ஒரு மண்ணும் நடக்கவில்லை. பிறகு பக்கெற்றைத் திருப்பி வாசித்தால் அதில் இருந்தது ட்ரைக்கோடெர்மா. அது நோய்க் கிருமிகளோடு மல்லுக்கட்டும் நல்ல பங்கசுதான், ஆனால் வேர்ப்பங்கசு இல்லை. கடைக்காரரில் பிழையில்லை, வாசிக்காமல் வாங்கிய என்னில்தான்.

நான்கு பிழைகளில் மிகப் பெரியது கோவாவும் பீற்றூட்டும். கோவா, முள்ளங்கி, கடுகு குடும்பம் இந்தப் பங்கசை உள்ளே விடுவதில்லை. பீற்றூட், பசளிக்கீரை, முளைக்கீரை போன்றவையும் பெரும்பாலும் அப்படித்தான். இவற்றை நடக் கூடாது என்று சொல்லவில்லை. வலையில் இவை கண்ணியாக இருக்காது. ஒரு போகம் முழுக்கக் கோவா நின்ற நிலத்தில் பங்கசு பட்டினி கிடந்து மெலிந்திருக்கும். அடுத்த போகத்தில் வெங்காயம் ஊன்றினால் தொடக்கத்தில் மந்தமாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மற்றப்பக்கம், பங்கசை மிகவும் நம்பி வாழ்பவை வெங்காயமும் மரவள்ளியும். மிளகாய், கத்தரி, தக்காளி, புகையிலை, வாழை, சோளம், இறுங்கு, குரக்கன், பயறு, உழுந்து, கௌபி, பயற்றை, கச்சான், சணல் எல்லாம் கதவைத் திறப்பவை. பனையும் தென்னையும் கூட. உங்கள் ஊடுபயிர்ச் சோடியில் இரண்டுமே இந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், ஒன்றாவது அவரையினமாக இருந்தால் நல்லது. இவ்வளவுதான் சூத்திரம்.

புதியவருக்கு நான் சொல்வது மரவள்ளியும் கௌபியும். மரவள்ளி முதல் இரண்டு மூன்று மாதம் சோம்பேறியாக வளரும், அதற்குள் கௌபி காய்த்து முடிந்துவிடும். நிழல் சண்டை இல்லை. பழகிய பிறகு மிளகாய்க்கு இடையில் வெங்காயம், சோளத்துக்கு இடையில் பயறு, இளம் வாழைக்கு இடையில் உழுந்து என்று போகலாம்.

படி 2: நிலத்தின் பழைய கதையைக் கேளுங்கள்

நிலத்தை வாங்கியவரோ குத்தகைக்கு எடுத்தவரோ, பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஒரு தேத்தண்ணி நேரம் செலவழித்தால் போதும். கடந்த மூன்று போகத்தில் என்ன நின்றது? தண்ணீர் நின்ற வயலா? நெல் வயலில் மாதக்கணக்கில் வெள்ளம் நிற்பதால் இந்தப் பங்கசு குறைந்திருக்கும். எவ்வளவு பசளை போட்டார்கள்? டி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளையும் கோழி எருவும் ஆண்டாண்டாகக் கொட்டிய நிலம் என்றால், செடிக்குப் பொசுபரசு வாசலிலேயே கிடைக்கும். கூலியாளை வைத்துச் சம்பளம் கொடுக்க அதற்கு என்ன தேவை? அப்படியான மண்ணில் செடியே பங்கசைத் தள்ளி வைக்கும்.

முடிந்தால் மண்ணைப் பரிசோதிக்கக் கொடுங்கள். விவசாயத் திணைக்களத்தின் விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தில் பிடிக்கலாம்; மாதிரி எடுக்கும் முறையையும் அவர் சொல்வார். அங்கே கேட்க வேண்டியது மண் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவும் கிடைக்கக்கூடிய பொசுபரசின் அளவும். பொசுபரசு 'அதிகம்' என்று வந்தால் அடுத்த இரண்டு மூன்று போகத்துக்கு அந்தப் பசளையை நிறுத்துங்கள் அல்லது நன்றாகக் குறையுங்கள். பணமும் மிச்சம்.

நைதரசனுக்கும் ஒரு வார்த்தை. வலிகாமத்தில் ஆறு என்று சொல்ல மாரியில் ஓடும் வழுக்கையாறு மட்டும்தான். மற்றதெல்லாம் சுண்ணக்கல்லுக்குள் இருக்கும் கிணற்று நீர். தோட்டத்தில் அள்ளிப் போடும் யூரியா அந்த நீருக்குள்தான் இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நம் பக்கத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் உண்டென்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஊடுபயிராக அவரையினத்தை நடுவதற்கு என் கண்ணில் இதுவே வலுவான காரணம்.

படி 3: உறைமண் தயாரித்தல்

பால் உறைய ஒரு கரண்டி உறைமோர் விடுகிறோம் இல்லையா? அதே வேலைக்கு மண்ணைத் தயார் செய்வதால் நான் இதை உறைமண் என்று சொல்கிறேன். அகராதியில் தேட வேண்டாம். இந்தப் பங்கசு உயிருள்ள வேரில் மட்டுமே பெருகும். சோற்றிலோ சீனிப்பாகிலோ ஊற வைத்துப் பெருக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வைகாசி, ஆனியில் தொடங்கினால் மாரிக்கு முன் கையில் இருக்கும். கிண்டப்படாத இடத்தில் இருந்து தாய்மண் எடுக்க வேண்டும். பனையடியில் புல் நிற்கும் இடம், கதியால் வேலியின் உட்பக்கம், பல ஆண்டு கைவைக்காத காணி மூலை, இவை நல்லவை. மேல் சருகை ஒதுக்கி, விரல் நீளத்துக்கும் ஒரு சாணுக்கும் இடைப்பட்ட ஆழத்தில் மெல்லிய வேர்களோடு அள்ளுங்கள். வாடல் வந்த மிளகாய், அழுகிய வெங்காயம், வேரில் கழலை கழலையாக வீங்கிய கத்தரி நின்ற இடத்தில் மட்டும் எடுக்கவே கூடாது. பங்கசோடு நோயையும் வட்டப்புழுவையும் சேர்த்துப் பெருக்கிவிடுவீர்கள்.

தாய்மண் ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு. கடல் மணல் வேண்டாம், உப்பு. கலந்து பழைய உரப்பைகளில் முக்கால்வாசி நிரப்பி அடியில் நாலைந்து துளை போடுங்கள். ஒவ்வொரு பையிலும் இறுங்கு நாலு விதை, கௌபி இரண்டு விதை. இறுங்கு கிடைக்காவிட்டால் சோளம். கூட்டெரு போட வேண்டாம், பசளையும் வேண்டாம். இலை கொஞ்சம் வெளிறினால் பதறாதீர்கள். பசியோடு இருக்கும் செடிதான் பங்கசைத் தேடும். மிகவும் மஞ்சளானால் மட்டும் யூரியா ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்து விடுங்கள். பொசுபரசு உள்ள எதையும் தொட வேண்டாம்.

மூன்று மாதம் ஒழுங்காகத் தண்ணீர். அப்புறம் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தி இரண்டு கிழமை காய விடுங்கள். செடி சாகப் போகிறது என்று தெரிந்ததும் பங்கசு வித்திகளை உண்டாக்கும். பின் தண்டை வெட்டி எறிந்து, பைக்குள் இருக்கும் வேரைக் கத்தரிக்கோலால் விரல் அகலத் துண்டுகளாக வெட்டி அதே மண்ணோடு கலந்துவிடுங்கள். நிழலில், காற்றோட்டமாக, சற்று உலர்ந்த நிலையில் வைத்தால் அந்தப் போகத்துக்குப் பயன்படும். வெயிலில் வைக்க வேண்டாம் என்று என் மோட்டார் சைக்கிள் பெட்டி சொல்கிறது.

எங்கள் ஒழுங்கையில் உள்ள ஐயா ஒருவர் இந்தப் பைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, பங்கசுக்கு மருந்தடிக்கிற ஊரிலை நீர் பங்கசு வளக்கிறீரோ?" என்று கேட்டார். இரண்டு கிழமையில் அவர் வீட்டுக் கத்தரி நாற்றுமேடைக்கு ஒரு பை போனது வேறு கதை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நல்ல பழைய தோட்டம், கலப்பாகப் பயிர் நின்றது, அளவோடு பசளை போட்டது என்றால் இந்தப் படியே தேவையில்லை. பங்கசு ஏற்கெனவே அங்கே இருக்கும். உறைமண் தேவைப்படுவது நெல் வயலாக இருந்த நிலம், மேல்மண் வழித்து எடுக்கப்பட்ட காணி, ஆண்டுக்கணக்காகக் கோவா மட்டும் நின்ற நிலம் போன்றவற்றுக்கு.

படி 4: நடுதல்

கால் பரப்பு நிலம் போதும். ஒரு ஏக்கருக்கு 16 பரப்பு என்ற கணக்கில் அது ஏறக்குறைய 63 சதுர மீற்றர். அதில் 4 மீற்றருக்கு 4 மீற்றர் அளவில் மூன்று பாத்தி பிடியுங்கள். ஐப்பசி மழை இறுகினால் தண்ணீர் நிற்கும் இடமென்றால் பாத்தியை ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள்.

முதல் பாத்தியில் மரவள்ளி மட்டும், மீற்றருக்கு மீற்றர், 16 தடி. இரண்டாவதில் அதே மரவள்ளி, அதன் இடைவெளியில் கௌபி இரண்டு நிரை. மூன்றாவதில் இரண்டாவதைப் போலவே எல்லாம். ஆனால் மரவள்ளி நிரைக்கும் கௌபி நிரைக்கும் இடையில் தடித்த பொலித்தீனை ஒன்றரை அடி ஆழத்துக்கு நிறுத்திப் புதைக்க வேண்டும். முதுகு நோகும் வேலை. ஆனால் இந்த ஒரு தடுப்புத்தான் உங்களுக்குக் கதை சொல்லும். இரண்டாவது பாத்தி மூன்றாவதை விட நன்றாக வந்தால், மண்ணுக்கடியில் ஏதோ கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. இரண்டும் ஒன்றென்றால், கௌபியால் கிடைத்த நன்மை வேறு ஏதோ, ஒருவேளை களை அடங்கியதும் நிலம் குளிர்ந்ததும் மட்டும்தான்.

தடுப்பு வேரையும் மறிக்கும் பங்கசையும் மறிக்கும் என்பதால் இரண்டில் எது காரணம் என்று இது சொல்லாது. ஆய்வுகூடங்களில் 30 மைக்குரோமீற்றர் அளவு கண்ணுள்ள நைலோன் வலையை வைப்பார்கள். வேர் நிற்கும், இழை நுழையும். திரை அச்சுக் கூடங்களில் பயன்படும் நுண்வலை அதற்குக் கிட்ட வரும். ஆர்வம் உள்ளவர்கள் நாலாவது பாத்தியில் செய்து பாருங்கள்.

நடும்போது உறைமண் வேரைத் தொட வேண்டும். மேலே தூவினால் வீண். மரவள்ளித் தடிக்கு, ஒரு சாண் நீளத் தடியைச் சரித்து ஊன்றும் குழியில் இரண்டு கை அள்ளிப் போட்டு அதன் மேல் தடியை வையுங்கள். கௌபி விதைக்கும் கோட்டில் விதைக்கு அடியில் மெல்லிய படையாக இடுங்கள். மிளகாய், கத்தரி என்றால் நாற்றுமேடையிலேயே கலந்துவிடுவது இதைவிட மலிவு. சிறு இடத்துக்குச் சிறு அளவு போதும், கன்று நிலத்துக்கு வரும்போதே பங்கசோடு வரும்.

கௌபியை மரவள்ளிக்கு இரண்டு கிழமை முந்தி விதைத்துப் பாருங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வலைக்குள் வரும் இளம் வேர், புதிதாக வித்தி முளைத்து வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அது சட்டென்று குடிபுகும்.

படி 5: கையை அடக்குதல்

நம்மவர்களுக்கு மிகக் கடினமான படி இதுதான். தோட்டம் என்றால் கொத்திக் கிளறி, நிலம் பஞ்சு மாதிரி இருக்க வேண்டும் என்பது பழக்கம். ஒவ்வொரு ஆழக் கொத்தும் வலையை அறுக்கும். களையை மேலாக விரலால் எடுங்கள் அல்லது சிறு மண்வெட்டியால் சுரண்டுங்கள். இடைவெளியில் பூவரசங்குழை, கிளிசரியாக் குழை, வாழைச் சருகு எது கிடைத்தாலும் மூடாக்காகப் போடுங்கள். முன்னோர் குழையையும் பழைய வேலி ஓலையையும் தாட்டார்கள். தாட்பதற்கு ஆழமாக வெட்ட வேண்டும் என்பதால் நான் மேலே பரப்புகிறேன். ஒரு மாரிக்குள் அதுவும் மண்ணாகிவிடும்.

பங்கசுநாசினியைப் பொறுத்தவரை, மண்ணில் ஊற்றும் காபன்டசிம் போன்றவை வேர்ப்பங்கசையும் சேர்த்து அடக்கும். இலையில் தேவைக்கு அடிப்பது வேறு. அடிக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் என்ன நோய் என்று போதனாசிரியரிடம் இலையைக் காட்டிக் கேட்டுவிட்டு அடியுங்கள். 'எல்லாரும் அடிக்கினம்' என்பது காரணமாகாது.

இரசாயனப் பசளையை ஒரே நாளில் விட்டுவிடவும் வேண்டாம். 2021இல் இலங்கை அரசு அதன் இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கிய கதையை நாட்டில் எல்லாரும் கண்டோம். பங்கசு பசளை செய்யும் தொழிற்சாலை கிடையாது. மண்ணில் இருப்பதைத்தான் அது கொண்டுவரும். பொசுபரசு இருப்பு நிறைந்த செம்மண்ணில் அதற்கு வேலை உண்டு. தீவுப்பக்க மணல் நிலத்தில் கூட்டெருவும் மாட்டெருவும் இல்லாமல் அது எதைக் கொண்டுவரும்?

படி 6: பார்ப்பது

கௌபி பூக்கும் சமயம் இரண்டு செடியைக் கிண்டி முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைதரசன் பிடிக்கும் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. முடிச்சைப் பங்கசு என்று நினைத்துவிடாதீர்கள். அது பற்றீரியாவின் வீடு. வேர்ப்பங்கசு வேரில் ஒரு வீக்கத்தையும் காட்டாது.

அதைப் பார்க்க நுணுக்குக்காட்டி வேண்டும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் விஞ்ஞான ஆசிரியர் ஒருவரின் துணையோடு செய்யலாம். தனியே செய்ய வேண்டாம், பொட்டாசியம் ஐதரொட்சைட்டு கையைச் சுடும். மெல்லிய வேர்த்துண்டுகளை அதன் 10 சதவீதக் கரைசலில் சில நிமிடம் கொதிக்க வைத்துக் கழுவ வேண்டும். பின் வினாகிரியில் 5 சதவீதம் ஊற்றுப்பேனா மை கலந்து மூன்று நிமிடம் கொதிக்க வைத்து, சில துளி வினாகிரி விட்ட நீரில் அலச வேண்டும். வேர் வெளிறி, பங்கசு மட்டும் நிறம் பிடித்து நிற்கும். வேர்க்கலத்துக்குள் குட்டி மரம் மாதிரிக் கிளைத்து நிற்பதுதான் சரக்கு கைமாறும் இடம். அங்கங்கே நீர்க்குமிழி போலத் தெரிபவை பங்கசின் கொழுப்புக் களஞ்சியம். வெங்காய வேரில் இதைப் பார்ப்பது எளிது. தடித்த, நேரான வேர்.

நுணுக்குக்காட்டி இல்லாதவர்கள் கொப்பியும் அடிமட்டமும் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, ஒவ்வொரு பாத்தியிலும் நடுவில் நிற்கும் நாலு மரவள்ளியின் உயரமும் தண்டுச் சுற்றளவும். ஓரச் செடிகளைச் சேர்க்க வேண்டாம், அவற்றுக்கு வெயிலும் வெளி மண்ணும் கூடுதல். மழை எப்போது பெய்தது, எப்போது இறைத்தீர்கள், எந்தப் பாத்தியை ஆடு மேய்ந்தது என்பதையும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை நான் எழுத மறந்து ஒரு போகத்தின் கணக்கே குழம்பியது.

படி 7: கௌபியை எடுக்கும் விதம்

காய் ஆய்ந்து முடிய, செடியைப் பிடுங்காதீர்கள். நிலமட்டத்தில் அரிவாளால் அறுத்து, கொடியை அங்கேயே மரவள்ளியின் அடியில் பரப்புங்கள். வேரும் முடிச்சும் மண்ணுக்குள் இருந்தபடியே உக்க வேண்டும். அதைப் பொறுக்கப் போகும் இழைகள் மரவள்ளி வேரிலிருந்து ஏற்கெனவே அந்தப் பக்கம் நீண்டிருக்கும். மாசி, பங்குனியில் வெயில் ஏறும்போது இந்த மூடாக்கு ஈரத்தையும் காக்கும்.

மரவள்ளி கிழங்குக்கு வர எட்டு மாதத்துக்கு மேல் ஆகும். தோண்டும்போது மூன்று பாத்திக் கிழங்கையும் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். கிழங்கு எடுத்த குழிகளை மூடிவிட்டு நிலத்தை வெறுமையாகக் கோடையில் காய விடாதீர்கள். தண்ணீர் வசதி இருந்தால் ஒரு நிரை சணலோ இறுங்கோ, இல்லாவிட்டால் வரம்புப் புல்லையாவது விட்டு வையுங்கள். ஏதோ ஒரு உயிர் வேர் அங்கே இருந்தால் அடுத்த ஐப்பசிக்கு நீங்கள் பை நிரப்பத் தேவையில்லை. மூன்றாவது பாத்தியில் புதைத்த பொலித்தீனைக் கிளப்பி எடுக்கவும் மறக்க வேண்டாம். என் நிலத்தில் இன்னும் ஒரு துண்டு கிடக்கிறது, ஒவ்வொரு முறையும் மண்வெட்டியில் அகப்படுகிறது.